ஏழு பேரும் ஒரு லிட்டரும்

"ஏனுங்க, அந்த ஏசியைக் கொஞ்சம் அமத்துங்க. வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

ஏற்காடு மலைப்பாதையில் அக்கா இதைச் சொன்னபோது ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியிருந்தோம். ஓட்டியவர் அவள் கணவர். வண்டி வாங்கி நாலு மாதம். மூன்றாவது வரிசையில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தவன் நான். பக்கத்தில் பத்து வயது மருமகன், காலடியில் புளியோதரைத் தூக்கு. மச்சான் பதில் பேசாமல் ஏசியை அணைத்து, இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறக்கினார். வண்டி ஓங்கி உறுமிவிட்டு நகர்ந்தது. மேலே ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது அவரே கேட்டார்: "இழுவை பரவாயில்லல்ல மாப்ளே? இந்த விலைக்கு வேற என்ன வேணும்?"

ஒரே வண்டி, ஒரே மலை. ஒருவருக்கு இழுக்கவில்லை, இன்னொருவருக்குப் பரவாயில்லை. இந்த வகைக் குட்டிக் குடும்ப வண்டி வைத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஏறக்குறைய இதே வாக்கியங்கள்தான் வரும். டவுனுக்குச் சூப்பர், மலைக்குத்தான் கொஞ்சம் திணறும். நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குது. கடைசி சீட்டு குழந்தைகளுக்குத்தான். கம்பெனி சொன்ன மைலேஜ் வரவே இல்லை. ஏழு பேர் ஏறிவிட்டால் டிக்கியில் ஒரு பைகூட வைக்க முடியாது. ஆனாலும், இந்த விலைக்கு இது போதும்.

இவையெல்லாம் உடம்பால் எடுத்த அளவீடுகள். கருவி இல்லை, அலகு இல்லை, அவ்வளவுதான் குறை. பள்ளிக்கூட இயற்பியலை வைத்துக்கொண்டே இவற்றுக்கு எண் போட்டுப் பார்க்கலாம் என்று அன்று ஏரிக்கரையில் தோன்றியது.

முதலில் வண்டியின் பெயர். இதை விற்பவர்கள் 'காம்பாக்ட் ஃபேமிலி வேகன்' என்றோ எம்பிவி என்றோ சொல்வார்கள். நமக்கு வேகன் என்றால் சரக்கு ரயில். முழு நீள ஸ்டேஷன் வேகன்கள் இந்தியாவில் எடுபடவே இல்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ அல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங் என்று சில வந்து போயின. காருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி நம் கண்ணுக்குச் சவவண்டி போலத் தெரிந்ததோ என்னவோ. பின்னர் வந்த குட்டி வேகன் அந்த வழியில் வந்ததல்ல. அதைப் பெற்றெடுத்தது ஒரு வரிச் சட்டம்.

2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16-ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன என்பதற்கும் கோடு போட்டார்: நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். வரிகள் மாறின, பெயர்கள் மாறின, கோடு மட்டும் நகரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டியிலும் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் 18 விழுக்காடு, தாண்டினால் 40. ஆகவே இந்தியாவில் மலிவாக ஏழு பேரை ஏற்ற நினைக்கும் பொறியாளருக்குத் தரப்படும் கணக்கு இதுதான்: நாலு மீட்டர், சின்ன எஞ்சின், ஏழு உடம்பு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவற்றில் இரண்டு வண்டிகள் சென்னைக்கு அருகே ஒரகடத்தில், ரெனோ-நிசான் ஆலையில் உருவானவை. டட்சன் கோ பிளஸ் 2015 ஜனவரியில் நாலு லட்ச ரூபாய்க்கும் குறைந்த தொடக்க விலையில் வந்தது. நீளம் 3,995 மில்லிமீட்டர், எஞ்சின் 1.2 லிட்டர். ரெனோ டிரைபர் 2019 ஆகஸ்டில் வந்தது. 3,990 மில்லிமீட்டர், ஒரு லிட்டர் எஞ்சின். கோட்டுக்கும் வண்டியின் பம்பருக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர்தான் மிச்சம்.

நாலு மீட்டருக்குள் மூன்று வரிசை எப்படி அடங்குகிறது? எஞ்சின், அதற்குப் பின்னால் டேஷ்போர்டு, பெடல்கள் இவற்றுக்கே ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் போய்விடும். மீதியில் வரிசைக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தாலும் இரண்டேகால் மீட்டர் காலி. கடைசியில் எஞ்சுவது அரை மீட்டர். அதில்தான் பின்கதவும் டிக்கியும். சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். ஆகவே கூரையை உயர்த்தி, எல்லாரையும் நாற்காலியில் அமர்வது போல் நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். நீளத்தில் கிடைக்காத இடத்தை உயரத்தில் எடுப்பது. டவுன் பஸ்ஸில் நிற்பவர்கள் செய்வதும் இதுதான். டிரைபரில் மூன்று வரிசையும் விரித்திருக்கும்போது டிக்கி 84 லிட்டர். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். ஒரு பை வைக்க இடமில்லை என்பவரும் வீட்டையே காலி செய்து ஏற்றலாம் என்பவரும் ஒரே வண்டியின் உரிமையாளர்களாக இருக்கலாம்.

இனி மலைக்கு வருவோம். எங்கள் வண்டி எது என்பது இங்கே தேவையில்லை; எல்லாருக்கும் தெரிந்த அளவுகள் என்பதால் டிரைபரின் எண்களை வைத்தே கணக்குப் போடுகிறேன். காலி வண்டி சுமார் 950 கிலோ. குழந்தைகளையும் சேர்த்து ஏழு பேர் 420 கிலோ. பைகள், தூக்கு, தண்ணீர் கேன் 30 கிலோ. மொத்தம் 1,400. ஆள் ஏறியதில் மட்டும் வண்டியின் எடை ஏறத்தாழ பாதி கூடிவிட்டது. பெரிய எஸ்யூவியில் அதே ஏழு பேர் ஏறினால் கூடுவது கால் பங்குதான். சின்ன வண்டியில் ஒவ்வொரு ஆளும் 'தெரிவதற்கு' இதுதான் காரணம்.

விற்பனைத் தாளில் 72 குதிரைத்திறன் என்று இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 6,250 சுற்றுச் சுற்றும்போதுதான் அந்தத் திறன். எஞ்சினின் முறுக்கு விசை அதிகபட்சம் 96 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,500 சுற்றில். திறன் என்பது முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. வளைவில் இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு வண்டி இறங்கும்போது எஞ்சின் சுமார் 1,200 சுற்றில் இருக்கும். அந்த இடத்தில் முழு 96-உம் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வருவது 16 குதிரை. உண்மையில் அவ்வளவு கீழ்ச்சுற்றில் முழு முறுக்கு கிடைக்காது, ஆகவே இன்னும் குறையும். காரில் 72 குதிரைகள் இருக்கின்றன, ஆனால் 56 படுத்துத் தூங்குகின்றன.

தேவை எவ்வளவு? கொண்டை ஊசி வளைவின் உட்புறம் எட்டடிக்கு ஓரடி ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 1,400 கிலோவை அதில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றவே ஏறத்தாழ பத்துக் குதிரை வேண்டும். டயரின் உருளல் உராய்வுக்கு இன்னொன்று. ஏசி கம்ப்ரசர் மூன்று, நான்கு குதிரையைத் தின்னும். பெரிய எஞ்சினில் இது காதில் விழாத செலவு. இங்கே கையிருப்பில் கால் பங்கு. மிச்சம் ஒன்றுமில்லை. முதல் கியருக்கு வந்தால் அதே 15 கிலோமீட்டரில் எஞ்சின் 2,200 சுற்றுக்குப் போகும், கையிருப்பு முப்பது குதிரை ஆகும். அக்கா சொன்னதும் சரி, மச்சான் செய்ததும் சரி. இதற்கு மேல் இன்னொன்று உண்டு. ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சும் காற்றும் அவ்வளவு குறையும், திறனும் குறையும். மலை ஏற ஏற வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போகிறது.

பெட்ரோல் கணக்கும் போட்டேன். அடிவாரத்திலிருந்து ஊர்வரை ஏற்றம் சுமார் 1,100 மீட்டர். 1,400 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க ஒன்றரைக் கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 3.2 கோடி ஜூல். அரை லிட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் அதில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாகப் போகிறது. ஆகவே உயரத்துக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு லிட்டர். மலைக்குப் போய் வந்து மைலேஜ் ஏழு, எட்டு என்று காட்டுகிறதே என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். சண்டை போட வேண்டிய ஆள் நியூட்டன்.

மைலேஜ் என்றதும் நம் ஊரில் பேச்சு நீளும். ஆராய் எனப்படும் வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் சான்று இந்த வகை வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அதே வண்டிக்காரர்கள் டவுனில் 12, 13, நெடுஞ்சாலையில் 17, 18 என்பார்கள். யாரும் ஏமாற்றவில்லை. சோதனை நடப்பது உருளைகளின் மேல், கூரைக்குக் கீழ், வெயில் இல்லாமல். மொத்தம் 19 நிமிடம் 40 விநாடி. உச்ச வேகம் 90 கிலோமீட்டர், அதுவும் கடைசியில் கொஞ்ச நேரம். ஏசி அணைந்திருக்கும். மாமியார், கொழுந்தியாள், சீர் தட்டு எதுவும் வண்டியில் இருக்காது.

தெருவில் என்ன நடக்கிறது? ஐந்து பேரோடு 1,250 கிலோ வண்டி நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வர ஆகும் ஆற்றல் பெட்ரோலில் சுமார் பத்து மில்லி. இருமல் மருந்து இரண்டு ஸ்பூன். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அந்தப் பத்து மில்லியும் பிரேக் தட்டில் சூடாகிவிடும். முப்பது தடவை நின்று கிளம்பினால் 300 மில்லி. இது தவிர நிற்கும் நேரத்தில் எஞ்சின் சும்மா ஓடுவதற்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல்; ஏசியும் ஓடினால் இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் எதிரி வேறு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதை எதிர்த்துத் தள்ளும் திறன் வேகத்தின் கனமாகக் கூடும். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றுக்கு மட்டும் தேவைப்படும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உயரமான வண்டி என்பதால் காற்றுக்குக் காட்டும் நெஞ்சும் அகலம். கூரையில் கேரியர் மாட்டி அதில் பெட்டிகளைத் தார்ப்பாயால் கட்டியவர்கள் தனியாக ஒரு சின்னச் சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பெட்ரோலும் முன்போல் இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்ததில் லிட்டருக்கு ஆற்றல் ஆறு, ஏழு விழுக்காடு குறைவு. எத்தனாலின் ஒரு லிட்டரில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஆற்றல்.

அளக்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. டேங்க் நிரப்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்து மைலேஜ் சொல்வது நம் வழக்கம். பங்கின் குழாய் 'டக்' என்று தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது. வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும், பெட்ரோல் நுரைத்தாலும் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் செலவானதென்றால் மைலேஜ் 16.7. ஒரு லிட்டர் குறைவாக ஏறினால் 20. கூடுதலாக ஏறினால் 14. ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், நடுவில் ஆறு கிலோமீட்டர் வித்தியாசம்! "என் வண்டி இருபது தருது" என்பவரும் "பதினாலுதான்" என்பவரும் டீக்கடையில் மோதிக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு லிட்டருக்காகத்தான். 2,500 கிலோமீட்டருக்கு ஊற்றியதை எல்லாம் கூட்டி ஒரே தடவை வகுத்தால் அந்தப் பிழை ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். அதைச் செய்பவர்கள் பழைய லாரி முதலாளிகளும் டாக்சிக்காரர்களும்தான். அவர்கள் சொல்லும் எண்ணை நான் நம்புவேன்.

நடுக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்ன எஞ்சினில் மூன்று சிலிண்டர் வைப்பது உதிரிபாகமும் உராய்வும் குறையும் என்பதால். ஆனால் நாலு சிலிண்டரில் அரைச்சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால் மூன்று சிலிண்டரில் சுற்றின் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் ஒரு வெடிப்பு, அதாவது 240 பாகைக்கு ஒன்று. 800 சுற்றில் சும்மா ஓடும்போது நாலு சிலிண்டருக்கு விநாடிக்கு 27 தட்டல், மூன்றுக்கு 20. அதோடு முதல் பிஸ்டனும் மூன்றாவதும் எஞ்சினின் இரு முனைகளைத் தராசுத் தட்டுகள்போல மாறி மாறி ஆட்டும். ரப்பர் தாங்கிகள் முடிந்தவரை விழுங்கும். மீதி ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். வண்டி ஓடத் தொடங்கியதும் தெரியாது.

ஏசி விஷயமும் அதே பெல்ட்டில் கட்டியது. கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும். சித்திரை வெயிலில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது குளிர் குறைவது அதனால். உள்ளே ஒவ்வொருவரும் நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஏழு பேருக்கு 700 வாட். மூச்சின் ஈரத்தை நீராக்கிக் கீழே சொட்ட விடவும் ஏசி உழைக்க வேண்டும். முன்னால் டேஷ்போர்டிலிருந்து மட்டும் காற்று வந்தால் முதல் இருவரின் மார்பைக் குளிர்வித்துவிட்டு அது கடைசி வரிசைக்கு வருவதற்குள் வெதுவெதுத்துப்போகும். பின்வரிசைகளுக்குத் தூணிலும் கூரையிலும் தனித் துளைகள் வைத்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும் திட்டினாலும் ஏசியைத் திட்டுவதில்லை.

பதினான்காவது வளைவில் மருமகன், "மாமா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான். கடைசி சீட்டில் உட்காரும் குழந்தைகளுக்கு வாந்தி வருகிறது என்பது இந்த வண்டிகளைப் பற்றிய நிலையான புகார். சாலையின் குலுங்கலைக் குற்றம் சொல்வோம், அது காரணமில்லை. ஸ்பிரிங் மேல் வண்டி குலுங்குவது விநாடிக்கு ஒரு தடவைக்கு மேல். குமட்டலை அதிகம் கிளப்புவது விநாடிக்கு 0.2 தடவை, அதாவது ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரும் மெல்லிய ஆட்டம். கடலில் படகு ஆடும் தாளமும் அதுதான், மலைப்பாதையில் இடமும் வலமும் வளையும் தாளமும் ஏறக்குறைய அதுதான். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கண்ணுக்கு எதிரே இருப்பது முன் சீட்டின் முதுகு. அது 'அசையவே இல்லை' என்கிறது. மூளை இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல முடியாமல் வயிற்றைத் தண்டிக்கிறது. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் வளைவில் வண்டியின் வால் வீசும் வீச்சு முழுவதும் அங்கே உட்கார்ந்தவருக்குத்தான். ஓட்டுநருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? அடுத்த வளைவு எப்போது என்று அவருக்குத் தெரியும். மருமகனை முன்னால் இரண்டாவது வரிசையில் நடுவில் உட்கார வைத்து, கண்ணாடி வழியாகத் தொலைவில் பார்க்கச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் கடலை மிட்டாய் கேட்டான்.

இனி, உரிமையாளர்கள் அதிகம் பேசாத ஒன்று. 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு, கோ பிளஸ் பிறந்த அதே டட்சன் கோ காரை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ய நட்சத்திரம். உடற்கூடு நிலைகுலைந்தது, காற்றுப்பை இருந்தாலும் பயனில்லை என்ற அளவுக்கு. அமைப்பின் தலைவராக இருந்த மாக்ஸ் மோஸ்லி, நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்கு அந்தக் காரைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி கடிதம் எழுதினார். 2021-இல் அதே அமைப்பு சோதித்த டிரைபருக்குக் கிடைத்தது பெரியவர்களுக்கு நாலு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று. இரண்டும் ஒரே வளாகத்தில் செய்யப்பட்டவை, இரண்டும் நாலு மீட்டருக்குள். மலிவு வண்டி என்றால் தகரம்தான் என்று தலையெழுத்து ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சோதனையில் வண்டி மோதும் வேகம் 64 கிலோமீட்டர். கேட்க அதிகமாகத் தெரியாது. 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி மேலிருந்து விழும் கார் தரையைத் தொடும் வேகம் அது. அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள முன்னால் எஞ்சின் அறையின் நீளம் இருக்கிறது. அது நசுங்கி நேரத்தை நீட்டி, உள்ளே இருப்பவர் மேல் வரும் விசையைக் குறைக்கும். கடைசி வரிசையில் இருப்பவரின் பின்தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே இருப்பது ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு. நட்சத்திரம் தரும் சோதனையில் மூன்றாவது வரிசையில் பொம்மை உட்காருவதில்லை. பின்னாலிருந்து லாரி வந்து மோதும் சோதனையும் அதில் இல்லை. ஆகவே அந்த நாலு நட்சத்திரம் என் இருக்கைக்கு எதுவும் சொல்லவில்லை. நாங்களோ அந்த இடத்தைத்தான் 'குழந்தைகளுக்கு' என்று ஒதுக்குகிறோம். இதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் நடு வரிசையில் இருக்கட்டும், கடைசி வரிசையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு என்னைப்போல் ஒருவன் உட்காரட்டும்.

இத்தனைக்கும் பிறகு மச்சான் ஏன் "பரவாயில்லை" என்றார்? அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1956-இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் பெண்களிடம் வீட்டுச் சாமான்கள் சிலவற்றைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் காட்டி, ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்த பின் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது, எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. இரண்டும் முதலில் சமமாகத் தெரிந்திருந்தால் இந்த மாற்றம் கூடுதல். பொருள் மாறவில்லை, தேர்ந்தெடுத்தவர் மாறிவிட்டார். ஒரு டோஸ்டருக்கே இப்படி என்றால், ஐந்து வருடத் தவணையில் வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய வண்டிக்கு எப்படி இருக்கும்? நாலு மாத உரிமையாளரின் கருத்தைக் கேட்கும்போது அதில் பாதி வண்டியைப் பற்றியது, மீதி அவரைப் பற்றியது. வண்டி வாங்க நினைப்பவர்கள் கிளட்ச் பிளேட் ஒருமுறை மாற்றியவரிடம் கேட்பது நல்லது. அல்லது, ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்து வரும் மனைவியிடம்.

இறங்கும்போது மச்சான் நியூட்ரலில் போட்டார். "பெட்ரோல் மிச்சம் மாப்ளே. சும்மா உருண்டுட்டுப் போகும்."

"கியர்லயே விடுங்க மச்சான், ரெண்டாவதுல" என்றேன்.

இது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய ஊசிமுனைத் தெளிப்பு எஞ்சின்களில், கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். எஞ்சினைச் சுற்றுவது சக்கரம். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். பிரேக்குக்கும் அதே கதை. ஏறும்போது சேர்த்து வைத்த ஒன்றரைக் கோடி ஜூலை இறங்கும்போது எங்கேயாவது கொட்டியாக வேண்டும். நாலு சக்கரத்தின் பிரேக் இரும்பும் சேர்த்து இருபது கிலோ என்று வைத்தால், காற்று குளிர்விக்கவில்லையென்றால் அந்த ஆற்றல் இரும்பை உருகுநிலை வரை சூடாக்கப் போதும். காற்று குளிர்விக்கும், உண்மைதான். ஆனால் ஏழு பேரோடு விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பட்டை சூடேறிப் பிடிமானம் தளரும். ஒரு கருகல் வாடை வரும். இரண்டாவது கியரில் எஞ்சினே அந்தச் சூட்டில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மச்சான் கியரைப் போட்டார். வண்டி தானாக அடங்கி, அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை கடைசி வரிசை இருக்கைகள் இரண்டையும் கழற்றிப் பரணில் ஏற்றியது. அங்கே பழைய குத்துவிளக்குக்கும் நெல் அளக்கும் மரக்காலுக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தன. இனி அடுத்த காது குத்துக்கோ குலதெய்வம் கோயிலுக்கோதான் இறங்கும் என்றார். அக்கா கீழிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குப் போறப்ப நீ பஸ்ல வந்துரு தம்பி" என்றாள் என்னிடம். "அறுபத்தஞ்சு கிலோ மிச்சம்."